தாயின் மனத்துணிவும் பிள்ளையின் குணமும்



மக்தபில் ஏட்டைப் புரட்ட உஸ்தாத் கையை நீட்டினாலே ஒரு பிள்ளை அஞ்சித் தலையைக் குனிகிறது. இன்னொன்று, கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் புரள்கிறது. இரண்டுமே மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடத் தடுமாறுகின்றன.

அமெரிக்க உளவியல் அறிஞர் டயானா பாம்ரிண்ட் 1960களில் சிறார்களின் பெற்றோரை ஆராய்ந்து, அதட்டி அடக்குவோர், எதற்கும் இணங்குவோர், அன்போடு கண்டிப்பும் உடையோர் என மூவகைப்படுத்தினார். மூன்றாம் வகையினரின் பிள்ளைகளே தன்னடக்கமும் தோழமையும் மிக்கோராகக் காணப்பட்டனர்.

நமக்கு இது புதிதன்று. பேரர் ஹஸன் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முத்தமிட்டதை நாம் அறிவோம். அதே பேரர் சிறுவராக இருந்தபோது ஸதகா பேரீச்சம்பழமொன்றை வாயிலிட்டார். உடனே துப்பச் செய்தார்கள். நாம் ஸதகாப் பொருளை உண்பதில்லை என்று காரணத்தையும் கூறினார்கள். சிறு பிள்ளைதானே என்று விடவுமில்லை, அடிக்கவுமில்லை.

இம்முறையை அறிந்த தாய்மார்களும் ஏன் பின்பற்ற இயலாமல் தவிக்கிறார்கள்? துணிவை நாம்தான் பறிக்கிறோம். சபுராளிக் கணவர் தொலைபேசியிலேயே, பிள்ளை கேட்க, மனைவியைக் கடிந்து கொள்கிறார். மாமியாரோ, “உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது” என்கிறார். உம்மாவின் சொல் செல்லாது என்பதைப் பிள்ளை அன்றே கற்றுக் கொள்கிறது. சொல் செல்லாத தாய்க்கு எஞ்சுவது இரண்டே வழி: அடிப்பது, அல்லது விட்டுவிடுவது. பிறகு அதற்கும் அவளையே குறை கூறுகிறோம்! குறையிருந்தால் தனியே கூறுங்கள். பிள்ளையின் முன் “உம்மா சொன்னபடி செய்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

பள்ளிவாசலிலும் இதே நிலைதான். தராவீஹில் குழந்தை அழுததற்காகத் தாயை எழுந்து போகச் சொல்வோர் நம்மிலும் இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள், தொழுகையை நீட்ட எண்ணி நின்றும், குழந்தையின் அழுகுரல் கேட்டால் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள், தாயை வெளியேற்றவில்லை. பெண்கள் பகுதியில் கைக்குழந்தையுடன் வருவோருக்குக் கதவருகே இடம் ஒதுக்குமாறு நிர்வாகத்தாரைக் கேட்டுள்ளேன். வரும் ரமளானுக்கு முன் அது நிறைவேற வேண்டும்.