தோல்முட்டை போடும் கோழி நோய்க்கோழி அல்ல

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், இரண்டாம் தளத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் பேசியது. அன்று வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



தலைவர் ஐயா எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். எனக்குப் பின்னால் லிஃப்ட் பராமரிப்பும் போர்வெல் மோட்டாரும் வரிசையில் நிற்கின்றன. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பின்பக்க மதிலோரம் வாட்ச்மேன் வீட்டம்மா வளர்க்கும் எட்டுக் கோழிகளையும் அப்புறப்படுத்த வேண்டும் என்று சங்கத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. முட்டை ஓடே இல்லாமல் தோலோடு வருகிறது, ஒரு கோழி கால் விழுந்து படுத்துவிட்டது, இது ஏதோ தொற்றுநோய், குழந்தைகள் விளையாடும் இடம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். பறவைக்காய்ச்சல் செய்திகளைப் படித்தவர்களுக்கு இப்படித்தான் தோன்றும். அந்தம்மாவும் பயந்துபோய், எட்டையும் கறிக்கு விற்றுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். மாதாமாதம் கைக்கு வரும் முட்டைக்காசை விட்டுவிட அவர் தயாராகிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். எட்டும் இளம் கோழிகள். முட்டைக்கென்றே உருவாக்கிய கலப்பினம். முட்டையிட ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகிறது. கொண்டை சிவப்பாக இருக்கிறது. மூக்கில் சளி இல்லை, எச்சம் சரியாக இருக்கிறது, இரை நன்றாக எடுக்கின்றன. இரண்டு கோழிகள் மட்டும் தோல்முட்டை போடுகின்றன. படுத்திருந்த கோழிக்குக் கால்சியம் மருந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் எழுந்து நின்றுவிட்டது. தொற்றுநோயாக இருந்தால் கால்சியத்துக்கு எழுந்திருக்காது.

சரி, ஓடு ஏன் வரவில்லை?

ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. மஞ்சள் கரு இறங்கி, அதன்மேல் வெள்ளைக்கரு சேர்ந்து, மெல்லிய சவ்வு மூடுவதெல்லாம் நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி சுமார் 20 மணி நேரமும் ஓடு கட்டுவதற்கே போகிறது. அதில் பெரும்பகுதி இரவில், நாம் தூங்கும்போது நடக்கிறது. சவ்வு மூடிய பிறகு ஓடு படியாமல் வெளியே வந்துவிடுவதுதான் தோல்முட்டை.

ஓட்டில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஒரு கோழியின் மொத்த எலும்புக்கூட்டிலும் இருப்பது ஏறக்குறைய 20 கிராம்தான். அப்படியென்றால் ஒவ்வொரு முட்டைக்கும் அது தன் எலும்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கான கால்சியத்தைச் செலவழிக்கிறது. இரை மூலம் அது திரும்ப வந்தால் சரி. வராவிட்டால் எலும்பிலிருந்து கடன் எடுக்கும். முதல் முட்டைக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே கோழியின் கால் எலும்புகளுக்குள் இதற்கென்றே ஒரு சேமிப்பு உருவாகிறது. இரவில் குடலில் இரை தீர்ந்ததும் அந்தச் சேமிப்பில் கைவைக்கும். தினமும் எடுத்துக்கொண்டே இருந்து, திரும்பப் போடாவிட்டால் முதலில் ஓடு மெலியும். பிறகு தோல்முட்டை வரும். கடைசியில் கால் விழும். நாம் பார்த்தது இந்தக் கடைசிப் படியைத்தான்.

கர்ப்பிணிப் பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கால்சியம் மாத்திரை கொடுக்கிறார்களே, அதே கணக்குதான். இந்தக் கோழிக்கு அந்தத் தேவை ஏறக்குறைய தினமும் இருக்கிறது.

"எங்க பாட்டி காலத்துல கோழிக்கு யாரு கால்சியம் கொடுத்தாங்க?" என்று முன்வரிசை அம்மா கேட்கிறார். நல்ல கேள்வி. நம் சிறுவிடைக் கோழி ஓர் ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை போட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். உடம்பைத் தேற்றிக்கொள்ள அதற்கு ஓய்வு உண்டு. கொய்யாத் தோப்பெல்லாம் சுற்றி நத்தை, பூச்சி, கீரை என்று கொத்தித் தின்னும். சுண்ணாம்பு அடித்த சுவரைக்கூடக் கொத்தும், பார்த்திருப்பீர்கள். நம் மதிலில் இருப்பது எமல்ஷன் பெயின்ட். அதைக் கொத்தினால் ஒன்றும் கிடைக்காது. கம்பி வலைக்குள் நின்றுகொண்டு கிட்டத்தட்ட தினமும் முட்டையிடும் கோழிக்கு நாம்தான் கொடுக்க வேண்டும்.

நாமக்கல்லில் இதைப் பல காலமாகச் செய்கிறார்கள். ஒரு பண்ணைக்கோழி வருடத்துக்கு 300 முட்டை போட்டால், அதன் ஓடுகளில் மட்டும் 600 கிராம் கால்சியம் போகிறது. அதன் சொந்த எலும்பில் இருப்பதைப் போல 30 மடங்கு. அதனால்தான் அங்கே தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல் குருணையும் கணக்குப் பார்த்துக் கலக்கிறார்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். கோழி ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம் தின்னும். அதில் வரும் 4 கிராம் கால்சியத்தில் ஏறக்குறைய பாதி உடம்பில் சேரும். முட்டைக்குச் சரியாகப் போய்விடும்.

இப்போது நம் மதிலோரத்துக்கு வருவோம். அந்தம்மா குஞ்சாக வாங்கியபோது கொடுத்த தீவன வகையையே இன்னும் போட்டுக்கொண்டிருந்தார். அதில் கால்சியம் 1 சதவீதம்தான். குஞ்சுக்கு அது சரி, முட்டையிடும் கோழிக்குப் போதாது. இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபத்து நான்கு வீட்டு மீதிச் சோறும் அந்தக் கோழிகளுக்குத்தான் போகிறது. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். என் வீட்டிலிருந்தும் தினமும் ஒரு கிண்ணம் போகிறது. ஆனால் 100 கிராம் அரிசியில் இருக்கும் கால்சியம் சுமார் 10 மில்லிகிராம். சிறுதானியத்தில் கால்சியத்துக்குப் பேர்போன கேழ்வரகிலேயே 350 மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது. கோழிக்கு வேண்டியதில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வயிற்றில் பாதியைச் சோறு அடைத்துக்கொண்டால், நல்ல தீவனம் வைத்தாலும் அது தின்னாது. எல்லாம் தெரிந்த நானே கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தேன். மருத்துவம் படித்தவன் மாடியிலிருந்து இறங்கிப் பார்க்க ஒரு புகார்க் கடிதம் வரவேண்டியிருந்தது.

என்ன செய்யலாம்?

முதலில் தீவனம். முட்டைக்கோழித் தீவனத்துக்கு மாறிவிட்டார். முட்டையிடாத இளங்குஞ்சுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. அளவுக்கு மீறிய கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொண்டை நன்றாகச் சிவந்து, முதுகைத் தொட்டதும் கோழி பதுங்கி உட்கார ஆரம்பித்தால் முட்டை நெருங்கிவிட்டது என்று பொருள். அப்போது மாற்றினால் போதும்.

இரண்டாவது, கிளிஞ்சல். மிளகு அளவுக்கு உடைத்து, தீவனத்தோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில், முக்கியமாகச் சாயங்காலம் வைக்க வேண்டும். தேவைப்படும் கோழி தேவையான அளவு கொத்திக்கொள்ளும். மாவாக அரைத்தால் சீக்கிரம் கரைந்துவிடும். குருணையாக இருந்தால்தான் இரவு முழுக்க மெதுவாகக் கரைந்து ஓட்டுக்கு உதவும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையோ, நீற்றுச் சுண்ணாம்பையோ கொடுக்காதீர்கள். வாயும் குடலும் வெந்துவிடும்.

மூன்றாவது, வெயிலும் நிழலும். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும், அதற்குக் காலை வெயில் வேண்டும். கூண்டை மாடிப்படிக்கு அடியில் தள்ளச் சொல்லாதீர்கள். சித்திரை வெயிலில் மட்டும் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் அவசியம். கோழி வாயைத் திறந்து இளைத்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, அதனாலும் ஓடு மெலியும்.

நான்காவது, அமைதி. நாய் துரத்தினாலும் பட்டாசு வெடித்தாலும் ஓடு முடியும் முன்பே முட்டையைத் தள்ளிவிடும். முட்டையிடப் பழகாத இளம் கோழி எப்போதாவது ஒரு தோல்முட்டை போட்டால் பதற வேண்டாம்.

எப்போது பதற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல கோழிகள் ஒரே நேரத்தில் ஓடில்லாத முட்டை போட்டாலும், தும்மல், பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல் இருந்தாலும், முட்டை திடீரென்று குறைந்தாலும் அது வேறு விஷயம். வெள்ளைக்கழிச்சல், மூச்சுக்குழல் அழற்சி, முட்டை குறைவு நோய் போன்றவை இருக்கலாம். உடனே அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. பொதுவாகப் பிப்ரவரியில் கால்நடைத் துறை இதற்கு முகாம் நடத்துகிறது. நம் எட்டுக் கோழிக்கும் போட்டுவிடுவோம்.

தோல்முட்டையைச் சாப்பிடலாமா? சவ்வு கிழிந்திருந்தால் குப்பையில் போடுங்கள். முழுதாக இருந்தால் அன்றே நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். பச்சையாகவோ ஆஃப் பாயிலாகவோ வேண்டாம். வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு நாட்டுமுட்டையை நல்லெண்ணெயோடு பச்சையாகக் கொடுக்கும் வழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. ஓடு என்ற கவசம் இல்லாத முட்டையில் கிருமி எளிதில் புகும். அதற்குத் தோல்முட்டையை எடுக்கவே எடுக்காதீர்கள்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். ஒன்று, கோழிகளுக்குச் சோறு போடுவதை நிறுத்துங்கள். கீரைத்தண்டும் காய்கறித் தோலும் கொஞ்சமாகக் கொடுங்கள், போதும். இரண்டு, உங்கள் வீட்டு முட்டை ஓடுகளைக் குப்பையில் போடாமல் கழுவி, காயவைத்து, வெறும் சட்டியில் நன்றாக வறுத்து, நொறுக்கிக் கொடுங்கள். வறுப்பது முக்கியம், கடைமுட்டையின் கிருமி கோழிக்குப் போகக் கூடாது. ஓடு என்று அடையாளம் தெரியாதபடி நொறுக்குங்கள். இல்லாவிட்டால் கோழி தன் முட்டையையே கொத்தப் பழகிவிடும். ஒரு முட்டைக்கு இரண்டு ஓடு என்பது கணக்கு. எட்டுக் கோழி தினமும் ஆறு முட்டை போட்டால் பன்னிரண்டு ஓடு. நம் இருபத்து நான்கு வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

மூன்று வாரம் பொறுங்கள். அதன்பிறகும் தோல்முட்டை வந்தால் அந்தக் கடிதத்தில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை அந்தம்மா கோழிகளை விற்க வேண்டாம் என்று சங்கம் அவரிடம் சொல்ல வேண்டும். நான் சொல்வதைவிடத் தலைவர் ஐயா போய்ச் சொன்னால்தான் அவருக்குத் தைரியம் வரும்.



(சங்கக் குறிப்பு: மூன்று வாரம் பொறுப்பது என்று கூட்டத்தில் முடிவானது. தலைவர் அன்று மாலையே வாட்ச்மேன் வீட்டுக்குச் சென்று தெரிவித்தார். வறுத்து நொறுக்கிய முட்டை ஓடுகளைப் போட, மீட்டர் பெட்டி அருகே மூடியுள்ள நீல வாளி வைக்கப்பட்டுள்ளது. அதில் வேறு எதையும் போட வேண்டாம்.)