ஆஸ்பத்திரிக் கடனை அடைத்த பிறகும் சிபிலில் பாக்கியா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

வீட்டுக் கடன் கேட்டுப் போன நம் பனித்திட்டுக் குடியிருப்புக்காரர் ஒருவரை வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. ஆஞ்சியோவுக்காக ஆஸ்பத்திரி கவுன்ட்டரிலேயே போட்டுக் கொடுத்த தவணைக் கடன்தான் காரணம். 12 தவணையும் கட்டிவிட்டார். சிபில் அறிக்கையோ கடைசித் தவணை பாக்கி என்கிறது. அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

அவர் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். ஆனால் நம் நாட்டில் சிபிலுக்குக் கணக்கு அனுப்புவது ஆஸ்பத்திரி அல்ல, கடன் கொடுத்த நிதி நிறுவனம். ஆஸ்பத்திரிக்குப் பணம் அப்போதே போய்விட்டது. அவர்கள் ரசீது இங்கே உதவாது. நிதி நிறுவனத்திடம் 'நிலுவை இல்லை' சான்றும் கடன் கணக்கு ஸ்டேட்மென்ட்டும் கேட்டு வாங்குங்கள். தவணை போனதைக் காட்டும் உங்கள் பாஸ்புக் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சான்றில் கடன் முழுதாக முடிந்தது என்று இருக்க வேண்டும். 'செட்டில்டு' என்று இருந்தால் குறைத்துக் கட்டியதாக அர்த்தமாகிவிடும், வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

அறிக்கை தருவது சிபில் மட்டும் அல்ல. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று உண்டு. நான்கிலும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். தவறு இருக்கும் இடத்தில் எல்லாம், அந்த இணையதளத்திலேயே மறுப்புப் புகார் போடலாம். அதே நாளில் நிதி நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாக ஒரு எழுத்தையும் மாற்றாது.

இனி நாள் கணக்கு. புகார் போட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். அதில் 21 நாள் நிதி நிறுவனத்துக்கு, மீதி சிபில் போன்ற நிறுவனத்துக்கு. தாண்டினால், தாமதித்தவர் நாளுக்கு ₹100 உங்களுக்குத் தர வேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் இது ரிசர்வ் வங்கி விதி. தொகை சின்னதுதான். ஆனால் விதியைக் குறிப்பிட்டு எழுதிப் பாருங்கள், பதில் வரும் தோரணையே வேறாக இருக்கும். புகார் எண்ணை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். விவரம் கேட்க 14448. 'சிபில் சரி செய்து தருகிறோம்' என்று பணம் கேட்பவர்களுக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள் குழம்ப வேண்டாம். அங்கே ஆஸ்பத்திரி பில்லே வசூல் ஏஜென்சி வழியாக அறிக்கைக்குப் போய்விடும். கட்டி முடித்த மருத்துவ பாக்கியை 2022 ஜூலை முதல் நீக்கிவிடுகிறார்கள். இங்கே அப்படி இல்லை. முடிந்த கடனும் 'முடிந்தது' என்ற பெயரில் அறிக்கையில் இருக்கும், அது நல்லதுதான்.

நம் நண்பரின் புகாருக்கு இன்று 17ஆம் நாள். அறிக்கை எடுக்கத் தெரியாதவர்கள் ஞாயிறு மாலை பான் அட்டையும் கைபேசியுமாகச் சங்க அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து எடுத்துவிடலாம். ஓடிபியை நீங்களே அடியுங்கள், என்னிடம்கூடச் சொல்ல வேண்டாம்.