திருப்பிக் கொடுத்த கோப்பை
(வானொலி மறையுரை – பொதுக்காலம் 31ஆம் ஞாயிறு)



இன்றைய நற்செய்தியில் சக்கேயு மரத்திலிருந்து இறங்கி வருகிறார். இயேசுவை மகிழ்ச்சியோடு வீட்டில் வரவேற்றதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக எல்லார் முன்னிலையிலும் சொல்கிறார். இந்தத் திருப்பித் தருதலைப் பற்றிச் சிந்திக்க, உங்களைப் பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு அழைத்துச் செல்கிறேன்.

நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, பிலிப்பைன்ஸ் மக்களுக்குக் கூடைப்பந்து அப்படி. அங்கே பல்கலைக்கழகங்களின் விளையாட்டுச் சங்கம் ஒன்று 1938 முதல் போட்டிகளை நடத்தி வருகிறது. இன்று அதில் உள்ள எட்டுப் பல்கலைக்கழகங்களில் நான்கு கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள். தொமினிக்கன் சபையார் 1611இல் தொடங்கிய சாந்தோ தோமாஸ் அவற்றுள் ஒன்று. இயேசு சபையாரின் அத்தெனேயோவும், தெ லா சால் அருட்சகோதரர்களின் பல்கலைக்கழகமும் மோதும் நாளில் அரங்கத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறு பாதி பச்சையாகவும் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் மாணவர்கள் கையை உயர்த்தித் தங்கள் பல்கலைக்கழகக் கீதத்தைப் பாடுவார்கள். தோற்றவர்களும் பாடிவிட்டுத்தான் போவார்கள். அத்தெனேயோவின் கீதம் அன்னை மரியாவை நோக்கிப் பாடப்படுவது.

2004ஆம் ஆண்டு கூடைப்பந்துக் கோப்பையை தெ லா சால் வென்றது. அடுத்த ஆண்டு, அதன் வீரர்கள் இருவர் சேர்க்கைக்குக் கொடுத்த கல்விச் சான்றிதழ்கள் உண்மையானவை அல்ல என்று தெரியவந்தது. பல்கலைக்கழகமே அதை விசாரித்து, சங்கத்துக்குத் தெரிவித்தது. வென்ற கோப்பையைத் திருப்பிக் கொடுத்தது. பட்டம், இறுதி ஆட்டத்தில் தோற்றிருந்த ஃபார் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அதோடு முடியவில்லை. 2006-07 பருவத்தில் தெ லா சால் எந்த விளையாட்டிலும் கலந்துகொள்ளக் கூடாது என்று சங்கம் தடை விதித்தது.

சற்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சான்றிதழ்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத கைப்பந்து வீராங்கனைக்கும், நீச்சல் வீரனுக்கும் ஓர் ஆண்டு போனது. மாணவப் பருவத்தில் ஓர் ஆண்டு சிறிய இழப்பா? நாம் உண்மையை மறைக்கும்போது பெரும்பாலும் இதைத்தானே காரணம் காட்டுகிறோம்? "சொன்னால் பிள்ளைகளுக்குத்தானே கஷ்டம், குடும்ப மானம் என்னாவது" என்கிறோம். அந்தக் கஷ்டம் மெய்யானது; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மறைத்தால் பாதிக்கப்படுகிறவர் வேறொருவர். நியாயமாக ஆடித் தோற்ற அணியின் இழப்பை யார் ஈடுசெய்வது? நகர்த்தி நட்ட எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமும் ஒரு குடும்பம் இருக்கிறது. பொய்ச் சான்றிதழால் கிடைத்த வேலைக்குப் பின்னால், அந்த வேலை கிடைக்காமல் போன ஒருவர் இருக்கிறார்.

விதிப்படி போட்டியிடாத வீரருக்கு வெற்றி வாகை இல்லை என்று புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதினார். வாகை ஏற்கெனவே தலையில் ஏறிவிட்டால் என்ன செய்வது? அதற்கான விடையை சக்கேயு காட்டுகிறார்: கழற்றி, உரியவரிடம் கொடுத்துவிடு.

தெ லா சால் 2007இல் களத்துக்குத் திரும்பியது. அந்த ஆண்டின் முதற்கட்ட ஆட்டங்கள் பதினான்கிலும் தோல்வியே காணாத அணியை இறுதியில் வென்று, கோப்பையைப் பெற்றது. நேர்மைக்குக் கடவுள் கொடுத்த கூலி இது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்த ஆண்டு அவர்கள் தோற்றிருந்தாலும், பழைய கோப்பையைத் திருப்பிக் கொடுத்தது சரியான செயல்தான். ஒன்று மட்டும் சொல்வேன்: இந்தக் கோப்பையை அவர்கள் யாருக்கும் அஞ்சாமல் கையில் ஏந்த முடிந்தது.

அன்புக்குரியவர்களே, நம் வீட்டில் நமக்கு உரிமையில்லாத பொருள் ஏதேனும் இருக்கிறதா? இந்த வாரம் அதை எண்ணிப் பார்ப்போம். உரியவர் வீட்டுக்கு நடந்து போவோம்.

ஆண்டவரே, எங்களுக்கு உரியதல்லாததைத் திருப்பிக் கொடுக்கும் துணிவை எங்களுக்குத் தாரும். ஆமென்.