கம்ப்யூட்டர் ரிப்பேர்: முதலில் உள்ளே இருப்பதை எடுங்கள், பிறகு கழற்றுங்கள்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



மசாலாப்பொடி, தையல், கறவை மாடு பத்திப் பேச இங்கே நிறைய பேர் இருக்கீங்க. என்னைக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் படிச்சது பத்தாம் வகுப்பு. நம்ம கூட்டமைப்பு மூலமாத்தான் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்துக்கு ஹார்டுவேர் பயிற்சிக்குப் போனேன். கட்டணம் கிடையாது, சாப்பாடும் அங்கேயே. முதல் நாள் ஸ்க்ரூ டிரைவரைக் கையில கொடுத்தப்ப, தையல் மெஷினைக் கழற்றித் துடைச்சு எண்ணெய் விடுற கைதானே, இதையும் செய்யும்னு நினைச்சேன். அது பாதி சரி. எண்ணெய் மட்டும் விடக்கூடாது.

நம்ம ஊர்ப் பக்கம் கம்ப்யூட்டர் இல்லாத வீடுன்னு சொல்லுறோம். ஆனா பரணைப் பாருங்க. 2011-ல இருந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் எத்தனை வீட்டுல பழைய சேலையில சுத்தி மேலே கிடக்குது? கேட்டா "ஆன் ஆகலை"ம்பாங்க. அந்த ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு யாரும் வைத்தியம் பார்க்க முடியாது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னா காய்ச்சலா, வயித்து வலியா, எப்போ இருந்துன்னு கேக்குறோம்ல, அதே மாதிரி இதுக்கும் மூணு கேள்வி இருக்கு. கரண்டு உள்ளே வருதா? உள்ளே ஏதாவது ஓடுதா? படம் தெரியுதா?

லைட்டே எரியலைன்னா கரண்டுதான் சந்தேகம். பெட்டியைத் தொடுறதுக்கு முன்னாடி பிளக் பாயிண்டுல செல்போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்க. சிரிக்காதீங்க, பாதி வீட்டுல அங்கேயே விடை கிடைச்சுடுது. லேப்டாப்பா இருந்தா சார்ஜரை எடுத்துட்டு, பேட்டரி கழற்றுற மாதிரி இருந்தா அதையும் கழற்றிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் விடாம அமுக்கிப் பிடிங்க. உள்ளே தேங்கி நிக்கிற கொஞ்ச நஞ்சக் கரண்டு வடிஞ்சிடும். பிறகு சார்ஜர் மட்டும் போட்டு ஆன் பண்ணிப் பாருங்க. இப்படியே பரணில் இருந்து இறங்கி வேலை செய்ற லேப்டாப் எங்க தெருவுலேயே ரெண்டு இருக்கு.

சார்ஜர் மாத்தும்போது முனை பொருந்துதேன்னு எதையும் சொருகிடாதீங்க. சார்ஜர் அடியில பொடி எழுத்துல அவுட்புட்னு போட்டிருக்கும். 19 வோல்ட், 19.5 வோல்ட், 20 வோல்ட்னு இருக்கும். பழைய சார்ஜர்ல என்ன வோல்ட் இருந்ததோ அதேதான் வேணும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக்கூடாது. ஒரு வட்டம் போட்டு பிளஸ், மைனஸ் குறி காட்டியிருக்கும், அதுவும் ஒத்துப்போகணும்.

ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஆனா படம் வரலைன்னா ரூமை இருட்டாக்கிட்டு லேப்டாப் திரை மேல டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. மங்கலா எழுத்து தெரிஞ்சா கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது, திரைக்குப் பின்னாடி இருக்கிற வெளிச்சம்தான் போயிருக்கு. வேற மானிட்டர்லயோ, அதுக்கான சொருகு இருந்தா வீட்டு டி.வி.யிலயோ மாட்டிப் பாத்தா உறுதியாயிடும்.

நம்ம அலுவலகத்துக் கம்ப்யூட்டர் கதை நிறைய பேருக்குத் தெரியும். வங்கிக் கடனுக்குக் குழுக்களோட விவரத்தை மறுநாள் கொடுக்கணும். ஆன் பண்ணினா பீப் பீப்னு சத்தம், திரை கறுப்பு. ஒரு கடைக்கு போன் பண்ணினோம். பெட்டியைப் பார்க்காமலே "போர்டு போயிருக்கும், ஏழாயிரம் ஆகும், புதுசே வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. கணக்காளர் தங்கச்சிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பத்து மாசக் கணக்கு அதுக்குள்ள இருக்கு.

பீப் சத்தம் வந்தா பயப்படாதீங்க. அது கம்ப்யூட்டர் தன் நோவைத் தானே சொல்லுறது. எத்தனை தடவை, நீளமா குட்டையான்னு எழுதி வைங்க. அர்த்தம் போர்டுக்குப் போர்டு மாறும். ஆனா பீப்பும் கறுப்புத் திரையும் சேர்ந்து வந்தா நான் முதல்ல ராமைத்தான் பார்ப்பேன். பொங்கலுக்கு வாங்குற கரும்புத் துண்டு நீளத்துக்கு மெல்லிசா ஒரு பலகை. கீழ் விளிம்புல தங்க நிறத்துல பல் வரிசை இருக்கும். மழைக்காலத்து ஈரம், தூசி எல்லாம் அந்தப் பல்லுல படிஞ்சு தொடர்பு விட்டுப்போகும். பிளக்கைப் பிடுங்கிட்டு, பெட்டியோட இரும்பைத் தொட்டுட்டு, ரெண்டு பக்கத்துக் கிளிப்பை விலக்கி ராமை எடுத்தேன். பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பரால அந்தப் பல்லை லேசாத் தேய்ச்சேன். பேனா மையை அழிக்கிற சொரசொர ரப்பர் ஆகாது. துகளைத் துடைச்சுட்டு, கிளிப் 'டக்'குன்னு விழுற வரைக்கும் திரும்ப அழுத்தினேன். படம் வந்துடுச்சு. ஆன செலவு என் பையனோட ரப்பர்.

இரும்பைத் தொடணும்னு சொன்னேன் இல்லையா, அது சடங்கு கிடையாது. சிந்தெடிக் சேலை கட்டியிருக்கும்போது சில நேரம் படபடன்னு பொறி பறக்குமே, அந்த மின்சாரம் நமக்குச் சுள்ளுனு இருக்கும், ராமுக்கு உயிரே போயிடும். இரும்பைத் தொட்டா அது பெட்டிக்குப் போயிடும். நான் ரிப்பேருக்கு உக்காரும்போது நூல் சேலைதான். முந்தானையைச் சொருகிக்குவேன், வளையலைக் கழற்றிடுவேன்.

அதே பெட்டிக்குள்ள ஒரு ரூபாய்க் காசு அளவுல ஒரு செல் இருக்கும். சி.ஆர். 2032னு எழுதியிருக்கும், 3 வோல்ட். கம்ப்யூட்டரை அணைச்ச பிறகும் தேதியும் மணியும் நினைவுல வச்சிருக்கிறது அதுதான். அது தீர்ந்துட்டா ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் என்னைக்கோ ஒரு பழைய தேதி காட்டும். தேதி தப்பானா வங்கி இணையதளம், அரசு இணையதளம் எதுவும் திறக்காது, 'பாதுகாப்பு இல்லை'ன்னு பயமுறுத்தும். வைரஸ்னு நினைச்சுப் பணம் கொடுத்தவங்க உண்டு. இந்த செல்லை மாத்தினா சரியாயிடும். பழைய செல்லைத் தரையில மட்டும் போட்டுடாதீங்க. குழந்தை முழுங்கினா தொண்டையிலயே புண்ணாக்கி உயிருக்கே ஆபத்து. முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே, ஒரு நிமிஷம் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

இருபது நிமிஷம் ஓடித் தானா அணைஞ்சா சூடு. லேப்டாப்பை மெத்தையில, பாயில வச்சுப் படிச்சா காத்து போற வழி அடைச்சுடும். தூசியை ஊதி எடுக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால பிடிச்சுக்கணும், கன்னாபின்னான்னு சுத்த விட்டா பேரிங் போயிடும். பல வருஷம் ஆனதுன்னா பிராசசர் மேல இருக்கிற பேஸ்ட் காய்ஞ்சிருக்கும். பழசைச் சுத்தமாத் துடைச்சுட்டுப் புதுசு உளுந்து அளவு வச்சாப் போதும். தோசைக்கு நெய் விடுற மாதிரி ஊத்தக்கூடாது.

இதெல்லாம் போனாக் காசு, வந்தா வேலை. இப்போ சொல்லப்போறது அப்படி இல்லை.

எங்க குழுவுல ஒரு அக்கா. அவங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தவறிட்டார். அவரோட போட்டோ எல்லாம் பொண்ணோட லேப்டாப்புல இருந்தது. செல்போன்ல இருந்து அதுல ஏத்திட்டு, போன்ல அழிச்சுட்டாங்க. லேப்டாப் மெதுவா ஓடுதுன்னு டவுனுல ஒரு கடையில கொடுத்தாங்க. சாயங்காலம் போனா புதுசு மாதிரி ஓடுது. உள்ளே ஒண்ணுமே இல்லை. "ஃபார்மட் பண்ணிட்டோம், நீங்க காப்பி எடுக்கச் சொல்லலையே"ன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பிள்ளை பஸ்ஸுல அழுதுகிட்டே வந்திருக்கு.

ஃபார்மட்னு ஒரு வார்த்தை. இதை இங்கே இருக்கிற எல்லாரும் மனப்பாடம் பண்ணிக்குங்க. வீட்டைக் காலி பண்ணிப் புதுக்குடித்தனம் வைக்கிறது அது. நல்ல வேளையா, பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க்குல சாதாரணமா ஃபார்மட் பண்ணினா பொருள் உடனே அழியுறது இல்லை, எது எங்கே இருக்குங்கிற அடங்கல்தான் போகும். புதுசா ஏதாவது அதே இடத்துல எழுதும்போதுதான் நிஜமா அழியும். அதனால அந்த லேப்டாப்பை அதுக்கு மேல ஆன் பண்ணவே வேண்டாம்னு சொல்லிட்டேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. கேபிள் வழியா வேற கம்ப்யூட்டர்ல மாட்டினேன். ஃபோட்டோரெக்னு இலவச மென்பொருள் ஒண்ணு இருக்கு. அதுல தேட விட்டு, கிடைக்கிறதை வேற டிஸ்க்குல சேமிக்கச் சொன்னேன். ராத்திரி முழுக்க ஓடுச்சு. ஆயிரக்கணக்குல படம். பெயர் எல்லாம் போய் வெறும் எண்ணாத்தான் வரும். இணையத்துல பார்த்த விளம்பரப் படம், பொம்மைப் படம் எல்லாம் கலந்து கிடக்கும். அம்மாவும் பொண்ணும் நானும் உக்காந்து ஒவ்வொண்ணாப் பார்த்தோம். விண்டோஸ் புதுசா ஏத்தின இடத்துல இருந்ததெல்லாம் போச்சு. முப்பத்திரெண்டு படம் கிடைச்சது. ஒண்ணுல அந்த அண்ணன் வண்டியைக் கழுவிக்கிட்டே இவங்களைப் பார்த்து ஏதோ சொல்லிட்டு இருக்கார். அந்த அக்கா அதைப் பார்த்துட்டு, "என்ன சொன்னாருன்னு எனக்கு ஞாபகம் இருக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க. என்னன்னு நாங்க கேக்கலை.

எல்லாத்தையும் இப்படி மீட்க முடியாது. எஸ்.எஸ்.டி.ன்னு இப்போ வர்றதுல அழிச்சா பெரும்பாலும் அழிஞ்சதுதான். பழைய ஹார்ட் டிஸ்க்குல 'டிக் டிக்'னு சத்தம் வந்தா, உள்ளே சுத்துற தட்டைப் படிக்கிற முனை தடுமாறுதுன்னு அர்த்தம். ஓட ஓடக் கெடும். அப்போ சரி பண்ணலாம்னு உக்காராதீங்க. ரொம்ப முக்கியமானது எதுவோ அதை முதல்ல காப்பி பண்ணிட்டு அணைச்சுடுங்க. நம்ம அலுவலகத்துல இப்போ ரெண்டு பென் டிரைவ் இருக்கு. வெள்ளிக்கிழமை தோறும் கணக்கைக் காப்பி எடுத்து ஒண்ணை அலுவலக பீரோவுலயும் இன்னொண்ணைப் பொருளாளர் வீட்டுலயும் வைக்கிறோம். நோட்டுலயும் எழுதுறோம், அதை விட்டுடலை.

இன்னொண்ணு, இதைக் கொஞ்சம் மெதுவாத்தான் சொல்லணும். அலுவலகக் கம்ப்யூட்டர்ல நம்ம எல்லாரோட ஆதார், பாஸ்புக் நகல் இருக்கு. வீட்டு லேப்டாப்புல பொம்பளைப் பிள்ளைங்க போட்டோ இருக்கு. திரை, கீபோர்டு, சார்ஜிங் பின் மாத்தக் கொடுக்கும்போது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டுல வச்சுட்டுக் கொடுக்கலாம். பழைய லேப்டாப்புல பெரும்பாலும் ரெண்டு மூணு ஸ்க்ரூதான். 'சோதிச்சுப் பார்க்கணுமே'ன்னு கடையில கேட்டா, நாமளே கூட உக்காந்து மாட்டிக் கொடுக்கலாம். நேர்மையான கடைக்காரங்க நிறைய பேர் இருக்காங்க, எனக்கு இன்னமும் சந்தேகம் தீர்த்து வைக்கிறவர் ஒரு கடைக்காரர்தான். இருந்தாலும் ராம், ஹார்ட் டிஸ்க் மேல இருக்கிற நம்பரைப் போட்டோ எடுத்துக்குங்க, மாத்தின பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்க. மாவு மில்லுல தவிட்டைக் கேட்டு வாங்குறோம், இதுல என்ன கூச்சம்?

நான் தொடாதது ரெண்டு. சி.பி.யு.வுக்குள்ள கரண்டு நுழையுற இடத்துல எஸ்.எம்.பி.எஸ்.னு ஒரு தகரப் பெட்டி இருக்கும். 230 வோல்ட் உள்ளே வாங்கி 12 வோல்ட், 5 வோல்ட்னு பிரிச்சுக் கொடுக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதுக்குள்ள இருக்கிற கெபாசிட்டர்ல ஆளைத் தூக்கி அடிக்கிற கரண்டு நிக்கும். கெட்டா முழுசா மாத்தணும், திறக்கக்கூடாது. அடுத்து, உப்பின பேட்டரி. மவுஸ் தடவுற இடம் மேலே எழும்பி நின்னா, லேப்டாப் சரியா மூட வரலைன்னா, பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே அணைச்சு சார்ஜரைப் பிடுங்கணும். குத்தக்கூடாது, அமுக்கக்கூடாது, குப்பையோட சேர்த்துக் கொளுத்தக்கூடாது, தீப்பிடிச்சுடும். மின்கழிவு வாங்குறவங்ககிட்டத்தான் கொடுக்கணும்.

தண்ணி, டீ கொட்டிட்டா அணைச்சு, சார்ஜரைப் பிடுங்கி, கவிழ்த்து வைங்க. வேலை செய்யுதான்னு ஆன் பண்ணிப் பார்க்கிற அந்த ஆசைதான் போர்டைக் கொல்லும். அரிசிப் பானைக்குள்ள வைக்கிறதும் வேண்டாம், தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும்.

யு.பி.எஸ்.ல லேசர் பிரிண்டரை மாட்டாதீங்க, அது சூடாகும்போது ஒரே இழுவையா இழுக்கும். இடி இடிச்சா சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது, பிளக்கையும் நெட் வயரையும் பிடுங்குங்க.

நேரம் ஆச்சுன்னு தலைவி அக்கா பார்க்குறாங்க. செவ்வாய்க்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு மேல நான் கூட்டமைப்பு அலுவலகத்துல இருப்பேன். பரணில் கிடக்கிறதை இறக்கி எடுத்துட்டு வாங்க, சார்ஜரையும் மறக்காம கொண்டு வாங்க. பார்க்கிறதுக்குக் காசு இல்லை, பாகம் மாத்தினா பாகத்தோட விலை, கூட ஐம்பது ரூபாய் கூட்டமைப்புக் கணக்குல சேரும். ஸ்க்ரூ பிடிக்கக் கத்துக்கணும்னு ஆசைப்படுறவங்க சும்மாவும் வரலாம், நாலு ஸ்க்ரூ டிரைவர் இருக்கு.