இரண்டு கையெழுத்து வேணும்!

(சின்னசேலம் கூட்டமைப்புக் கூட்டத்தில் குழு உறுப்பினர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு வாய் சோத்தை விழுங்காம மென்னுக்கிட்டே இருந்து பாருங்க. கொஞ்ச நேரத்துல லேசா இனிக்கும். சர்க்கரை யாரும் போடலையே, எப்படி வந்தது? நம் எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது.

நொதிகள் பெரும்பாலும் புரதங்கள். உடம்புக்குள் நடக்கும் வேலையை வேகப்படுத்தும். தான் தீர்ந்து போகாது. வேலைக்கு ஏற்றபடி நொதியும் வேறு. இரைப்பையில் பெப்சின், பருப்பு, முட்டையில் உள்ள புரதத்தை உடைக்கும். கணையத்திலிருந்து வரும் லைப்பேஸ் கொழுப்பை உடைக்கும். இப்படிச் செரித்த சாப்பாட்டை எரித்து உடம்புக்குத் தெம்பு தரும் நொதிகள் தனியாக இருக்கின்றன.

அவற்றில் பலவும் ஒத்தையாக வேலை செய்யாது. நம்ம குழுக் கணக்குல ஊக்குநர் கையெழுத்து மட்டும் இருந்தா வங்கியில பணம் குடுப்பாங்களா? பிரதிநிதி கையெழுத்தும் வேணும் இல்லையா? அந்த இரண்டாவது கையெழுத்துதான் துணைநொதி. பி வைட்டமின்களிலிருந்து பல துணைநொதிகளை உடம்பு செய்துகொள்கிறது. சர்க்கரையை எரிக்கும் முக்கியமான நொதிக்குத் துணையாக இருப்பது பி1, அதாவது தயமின். இதை உடம்பு சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைக்காது.

பி1 இல்லாவிட்டால் பெரிபெரி நோய் வரும். காலில் பலம் போகும், நரம்பும் இதயமும் கெடும். ஜாவாவில் எய்க்மன் என்ற மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்ததையும், தவிட்டோடு அரிசி போட்டதும் அவை தேறியதையும் 1890-களில் கண்டார். அதற்காக 1929-ல் நோபல் பரிசு பெற்றார்.

அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியில், இன்றைய ஆந்திரக் கடலோரத்தில், தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட மக்களிடம் இந்த நோய் இருந்தது. 1940-களில் குன்னூர் ஆய்வுக்கூடத்தார் அங்கே கைக்குழந்தைகள் இறப்பதையும் ஆராய்ந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் தப்பினார்கள். ஏன்? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுசாகப் போகாது.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று வெறும் சோறும் ரசமும் மட்டும் போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தாய்க்கு பி1 குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். இரண்டு, மூன்று மாதக் குழந்தை குரல் கம்மி அழுதாலோ, மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. காரணம் எதுவானாலும் அது ஆபத்துதான்.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

• புழுங்கலரிசி வாங்குங்க. அரிசியை நாலஞ்சு தண்ணி கழுவாதீங்க.

• வடித்த கஞ்சியைக் கொட்டாதீங்க. பி1 அதில் கரைந்து போகும். குடிக்கலாம், குழம்பில் சேர்க்கலாம்.

• கம்பு, கேழ்வரகு, சாமை, பயறு, உளுந்து, வேர்க்கடலை அடிக்கடி சேருங்க. பிள்ளை பெற்றவளுக்கும் பருப்பு, பயறு, முட்டை கொடுங்க.

நம்மில் மாமியார்கள் பலர் இருக்கீங்க. மருமகளின் தட்டில் அந்த இரண்டாவது கையெழுத்தைப் போடுவது நீங்கதான்.