சமூகப்பணிப் பட்டமும் நம் தெருவும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். நம் தோழருக்கு அது பிடிக்காது. கூட்டத்தில் யாராவது அவரைப் புகழத் தொடங்கினால் "விஷயத்துக்கு வாங்க" என்று குறுக்கிடுவார். ஆகவே விஷயத்துக்கு வருகிறோம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் கணிசமானவர்கள் பி.எஸ்.டபிள்யூ. படிக்கிறீர்கள். ஆண்டுதோறும் உங்களில் சிலர் களப்பணிக்காக எங்களிடம் வருகிறீர்கள். கையில் கல்லூரிக் கடிதம், ஒரு நீள நோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. ஏன் இந்தப் படிப்பில் சேர்ந்தீர்கள் என்று கேட்டால் பல பதில்கள் வருகின்றன. பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்திருந்தாலும் சேரலாம். கட்டணம் கொஞ்சம் குறைவு. அண்ணன் ஒருவர் படித்து வேலைக்குப் போனார். இவற்றோடு, யாரும் முதலில் சொல்லாத ஒரு பதிலும் உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுவோடு வரிசையில் நின்ற அப்பாவைப் பார்த்திருக்கிறோம், மேசைக்கு அந்தப் பக்கம் நம்மில் ஒருவர் இருந்தால் என்ன என்று தோன்றியது. இந்தக் கடைசிப் பதிலைச் சொன்னவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறோம்.

எங்களில் சிலர் படித்தது சமூகவியல். அங்கே சாதியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். எம்.என். சீனிவாஸ் என்ன சொன்னார், லூயி துய்மோன் என்ன சொன்னார் என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுதினோம். ஆனால் சாதிச் சான்றிதழ் தர மறுக்கும் அலுவலரிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. சமூகப்பணி மாணவர்களுக்கு நேர் எதிரான சிக்கல். எப்படிப் பேசுவது, எப்படிக் குறிப்பெடுப்பது, யாரிடம் அனுப்புவது எல்லாம் கற்றுத்தருகிறார்கள். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதுதான் பல நேரம் பாடத்தில் இருப்பதில்லை.

ஒரு களப்பணி அறிக்கையைப் பற்றிச் சொல்கிறோம். எழுதிய மாணவி யார், எந்தக் கல்லூரி என்பதெல்லாம் வேண்டாம். தூய்மைப் பணியாளர் குடியிருப்பு ஒன்றில் தனிநபர் பணி. 'கிளையண்ட்' ஆண், நாற்பத்து மூன்று வயது. பிரச்சினை: குடிப்பழக்கம். காரணம்: விழிப்புணர்வு இன்மை, குடும்பத்தில் கட்டுப்பாடு இன்மை. இடையீடு: ஆலோசனை, போதை மறுவாழ்வு மையத்துக்குப் பரிந்துரை. கையெழுத்து அழகு. வழிகாட்டி பச்சை மையில் 'நன்று' என்று எழுதியிருந்தார்.

அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டோம். தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று இருந்தது. என்ன கூலி? மாணவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், செப்டிக் டேங்க் சுத்தம் செய்யப் போகிறார். குடிக்காமல் உள்ளே இறங்க முடியாது என்று அவரே சொன்னாராம். அதை ஏன் எழுதவில்லை? எழுத இடமில்லை, சார்.

உண்மைதான், அந்தப் படிவத்தில் இடமில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவரது வீடும் அப்படி ஒரு குடியிருப்பில்தான் இருக்கிறது. அந்த மனிதர் ஏன் குடிக்கிறார் என்பது அவருக்கு நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல எழுத மூன்று ஆண்டு பழக்குவதற்குப் பெயர்தான் பயிற்சி என்றால், நமக்கு அதில் ஒரு தகராறு இருக்கிறது.

மலம் அள்ளும் தொழிலுக்கு ஆள் அமர்த்துவதைத் தடை செய்து மறுவாழ்வு தரும் சட்டம் 2013இல் வந்தது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் ஆளை இறக்குவது அதன்படி குற்றம். உள்ளே இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. கணக்கெடுப்பில் பெயர் சேர்ந்தால் ஒருமுறை உதவித்தொகை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, வேறு தொழிலுக்குக் கடன் எல்லாம் உண்டு. ஆக அந்த அறிக்கையில் முதல் கேள்வி, இவர் பெயர் கணக்கெடுப்பில் இருக்கிறதா என்பது. இரண்டாவது, இவரை உள்ளே இறக்கியவர் யார் என்பது. மறுவாழ்வு மையம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, அவர் போகட்டும். இருபத்தெட்டு நாள் கழித்துத் திரும்பி வருவார். டேங்க் அங்கேயே இருக்கும், கூப்பிடுகிறவரும் அங்கேயே இருப்பார்.

இந்த வாதம் நாம் இன்று கண்டுபிடித்தது அல்ல. 1932இல் பூனா ஒப்பந்தம் முடிந்த கையோடு தீண்டாமை எதிர்ப்புக்கு ஒரு கழகம் தொடங்கினார்கள். ஜி.டி. பிர்லா தலைவர், ஏ.வி. தக்கர் செயலாளர். பின்னால் ஹரிஜன் சேவக் சங்கம் என்று பெயர் மாறியது அதுதான். அண்ணல் அப்போது மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போய்க்கொண்டிருந்தார். கப்பலில் இருந்தபடி நவம்பர் 14 அன்று தக்கருக்கு நீண்ட கடிதம் எழுதினார். சமூகப்பணி படிக்கும் ஒவ்வொருவரும் முதல் செமஸ்டரிலேயே படிக்க வேண்டிய கடிதம் அது.

அதில் அவர் இரண்டு பார்வைகளைப் பிரித்து வைக்கிறார். ஒருவன் துன்பப்படுகிறான் என்றால் அவனது நடத்தையில் கோளாறு என்று நினைப்பது ஒரு பார்வை. அப்படி நினைப்பவர்கள் மதுவிலக்கு, உடற்பயிற்சி, நூலகம், பள்ளிக்கூடம் என்று திட்டம் போடுவார்கள். அவனைச் சுற்றியுள்ள சூழல்தான் அவனை அழுத்துகிறது என்பது மற்றொரு பார்வை. இரண்டாவதே சரி என்கிறார் அம்பேத்கர். முதல் வழியில் தனி மனிதர்கள் சிலரை மேலே தூக்கிவிடலாம், வகுப்பு முழுவதும் எழாது என்பது அவர் கணக்கு. ஆகவே கழகம் செய்ய வேண்டியது என்ன? கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை, பள்ளியில் சேரும் உரிமை, ஊர்ச் சாவடியில் நுழையும் உரிமை, பொது வண்டியில் ஏறும் உரிமை. இவற்றுக்காகக் கிராமங்களில் இறங்கினால் மோதல் வரும், வழக்கு வரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. வந்தாலும் செய்தாக வேண்டும் என்கிறார். யாரைக் கொண்டு செய்வது என்றும் பேசுகிறார். அன்போடு இந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் ஒடுக்கப்பட்ட வகுப்பிலிருந்தே வர வேண்டும் என்கிறார். அதற்காக நம்மவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்லிவிடவில்லை. சேவையைப் பிழைப்பாக்கிக்கொள்ளும் அயோக்கியர்கள் நம்மிலும் உண்டு என்று அதே கடிதத்தில் எழுதுகிறார். இந்த இடத்தை நாங்கள் அடிக்கடி எங்களுக்குள்ளேயே படித்துக்கொள்வோம்.

கடிதம் கிடைத்தது என்றுகூடப் பதில் வரவில்லை என்று பின்னால் அவரே பதிவு செய்கிறார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1936இல், இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி தொடங்குகிறது. பம்பாயில் சர் டோரப்ஜி டாடா சமூகப்பணிப் பட்டதாரிப் பள்ளி. நாக்பாடா பகுதியில் வேலை செய்துவந்த அமெரிக்க மிஷனரி கிளிஃபோர்ட் மான்ஷார்ட் அதற்குப் பொறுப்பு. இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதிலிருந்து வந்ததுதான். அதே 1936, அதே பம்பாய். லாகூரில் பேச விடாமல் தடுக்கப்பட்ட 'சாதி ஒழிப்பு' உரையை அண்ணல் தன் செலவில் 1500 பிரதிகள் அச்சடித்தார். உங்கள் நோட்ஸில் முதல் செய்தி இரண்டு மதிப்பெண் கேள்வி. இரண்டாவது செய்தி நாங்கள் பார்த்த எந்த நோட்ஸிலும் இல்லை. சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் 1889இல் தொடங்கிய ஹல் ஹவுஸைப் படிக்கிறீர்கள், நல்லது, படிக்க வேண்டியதுதான். 1924இல் பம்பாயில் தொடங்கிய பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபை விடுதி நடத்தியது, மாணவர்களைச் சேர்த்தது, மகாத்து குளத்துக்கு மக்களைத் திரட்டியது. அதைச் 'சமுதாய ஒழுங்கமைப்பு' என்ற அலகில் வைக்க என்ன தடை?

இதற்காக, பாடப்புத்தகத்தில் இருப்பதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, தூக்கி எறியுங்கள் என்று சொல்பவர்களோடு நாங்கள் சேரவில்லை. ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்ற பாதிரியார் 1957இல் எழுதிய ஏழு கோட்பாடுகளை நீங்கள் மனப்பாடம் செய்கிறீர்கள். அதில் ஒன்று, எதிரில் இருப்பவர் மீது தீர்ப்பு சொல்லாமல் கேட்பது. நம் மக்களின் பேச்சைத் தீர்ப்பு சொல்லாமல் கேட்ட அலுவலகம் எத்தனை? ஒரு பட்டதாரி எதிரே உட்கார்ந்து அப்படிக் கேட்பதே நம் தெருவில் பெரிய விஷயம். தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவருக்கே உண்டு என்பது இன்னொரு கோட்பாடு. அதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். தகராறு வருவது உணர்ச்சிக் கட்டுப்பாடு என்ற இடத்தில். வெளியிலிருந்து வருகிறவருக்கு அது பொருத்தமான அறிவுரை. தன் சித்தப்பா மாதிரி இருக்கும் மனிதரைப் பற்றி எழுதும் பிள்ளைக்கு அதுவே வாய்ப்பூட்டாகிவிடக் கூடாது. அழுதுகொண்டே எழுதுங்கள் என்று சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்ததை, தெரிந்தவர் என்ற இடத்திலிருந்தே எழுதுங்கள்.

கிராம முகாமைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊர் மக்களை உட்காரவைத்து, கோலப்பொடியால் தரையில் ஊர்ப்படம் போடச் சொல்வீர்கள் அல்லவா? பங்கேற்பு முறை என்று அதற்குப் பெயர். கோயில், பள்ளி, ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வரும். பல படங்களில் காலனி ஓரமாக ஒரு சின்ன வட்டம், சில படங்களில் அதுவும் இல்லை. நாங்கள் மாணவர்களிடம் சொல்வது இதுதான். படத்தை இரண்டு இடத்தில் போடுங்கள், ஊர்த்தெருவில் ஒன்று, காலனியில் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். சுடுகாட்டுப் பாதை எந்தப் படத்தில் எங்கே முடிகிறது என்று பாருங்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அந்தத் தொட்டி யாருக்கானது என்பதுதான் அங்கே முழுச் செய்தியும். தொட்டியை மட்டும் வரைந்து அதை எழுதாத படத்தை வைத்துக்கொண்டு சுகாதார விழிப்புணர்வுப் பேரணி நடத்தலாம், வேறொன்றும் செய்ய முடியாது. முகாமில் எங்கே தங்குகிறீர்கள், யார் சமைக்கிறார்கள், யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள் என்பதையும் நாட்குறிப்பில் எழுதுங்கள். அவையும் தரவுகள்தான்.

படிப்பைத் தொடர்வதே பாடாக இருக்கும்போது இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று கேட்கலாம். நியாயம். வாரத்துக்கு இரண்டு நாள் களப்பணி என்றால் வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் செலவு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு நம் பெண்பிள்ளைகள் கொஞ்சம் மூச்சு விடுகிறார்கள். பையன்கள் விடுதிச் சாப்பாட்டைத் தவறவிட்டு நடந்து வருவதைப் பார்த்திருக்கிறோம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. இன்று குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால்தான் கிடைக்கும், அதுவும் பல நேரம் செமஸ்டர் முடிந்து வருகிறது. இந்த உதவித்தொகைக்கு உரியவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகை போனதை எதிர்த்து 2018 பிப்ரவரியில் டாடா நிறுவன மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். சமூகப்பணி மாணவர்கள் தங்களுக்காகவே சமூகச் செயல்பாட்டு முறையைப் பயன்படுத்திய நாட்கள் அவை. அறிக்கையை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்ற கல்லூரிகளில் படிப்பவர்கள், முதலில் தமிழில் எழுதுங்கள். அந்த மனிதர் சொன்ன வார்த்தை தமிழில்தான் இருக்கிறது. மொழிபெயர்க்கும்போது 'உள்ளே இறங்க முடியாது' என்பது காணாமல் போகிறது.

வேலையைப் பற்றி இனிப்பு தடவிப் பேச முடியாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மருத்துவமனை ஆலோசகர் என்று பணியிடங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். ஆனாலும் போங்கள். சட்டத்தோடு முரண்படும் சிறுவனைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கையை நம் தெருவைத் தெரிந்த ஒருவர் எழுதுவதற்கும், தெருப்பெயரைப் பார்த்ததுமே முகம் மாறுகிறவர் எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு. அந்தத் தாளை வைத்துத்தான் அவன் வீட்டுக்குப் போகிறானா இல்லத்துக்குப் போகிறானா என்று முடிவெடுக்கிறார்கள்.

கடைசியாக ஒரு சட்டப் பிரிவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் 15ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அதன் பன்னிரண்டாம் உட்பிரிவு, பாதிக்கப்பட்டவருக்குத் தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெற உரிமை உண்டு என்கிறது. சமூகப் பணியாளர் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது தோழர்களே. காவல் நிலையத்தில் 'நீ யார்?' என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கிறது. எங்களிடம் வந்த மாணவர்களில் இதைக் கேள்விப்பட்டிருந்தவர் ஒருவர்கூட இல்லை.

அடுத்த செமஸ்டரில் எங்களிடம் வரப்போகிறவர்களுக்கு முதல் வாரத்து வேலையை இப்போதே சொல்லிவிடுகிறோம். அதே சட்டத்தின் விதிகள்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடந்த இரண்டு ஆண்டுகளில் எந்தெந்தத் தேதியில் கூடியது, எத்தனை வழக்குகளில் நிவாரணம் வழங்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஸ்பீட் போஸ்ட். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு எழுதக் கற்றுக்கொள்ளலாம். மனுவின் நகலைக் களப்பணி அறிக்கையோடு சேர்த்துத் தையுங்கள். வழிகாட்டி எந்த மையில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடட்டும்.