மலிவு விலை ஆசிலோஸ்கோப்: எண்ணும் எல்லையும்

மின்னழுத்தம் காலத்தோடு எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி ஆசிலோஸ்கோப். பாடநூல்கள் இதனை அலைவுகாட்டி என்கின்றன, கல்லூரி ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலமாக சி.ஆர்.ஓ. என்ற பெயரே வழங்கிவந்தது. 1897இல் ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கிய கதிர்க்குழாயில் இதன் வரலாறு தொடங்குகிறது. 1947இல் அமெரிக்காவின் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 511 என்னும் மாதிரி, இதனை நம்பத்தக்க அளவுகருவியாக்கியது. அதன் பின்னும் பல்லாண்டுகள் இது நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்குமே கட்டுப்படியாகும் பொருளாக இருந்தது. சீன நிறுவனங்கள் சந்தைக்கு வந்த பிறகே, நல்ல கைப்பேசி ஒன்றின் விலைக்குப் பொழுதுபோக்கு மின்னணு ஆர்வலரின் மேசைக்கு அது வந்து சேர்ந்தது. அதனுடன் மலிவுக் கருவியைத் தேர்ந்து வாங்குதல், திறந்து திருத்துதல், பழுது கண்டறிதல் என்ற பழக்கமும் வளர்ந்துள்ளது.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் 50 மெகாஹெர்ட்ஸ், 100 மெகாஹெர்ட்ஸ் என்னும் எண்கள் பட்டையகலத்தைக் குறிக்கின்றன. அந்த அதிர்வெண் வரை அலை உள்ளபடியே தெரியும் என்று பலர் பொருள்கொள்வது சரியன்று. உள்ளே வரும் சைன் அலையின் உயரம் திரையில் ஏறத்தாழ 70 விழுக்காடாகக் குறைந்துவிடும் அதிர்வெண்ணே பட்டையகலம் என்பது பொறியியல் வரையறை. சதுர அலையின் கூர்மையான முனைகள் அதன் அடிப்படை அதிர்வெண்ணைவிடப் பன்மடங்கு உயர்ந்த அதிர்வெண்களால் ஆனவை என்பதால், 50 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு 50 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்தால் திரையில் சைன் அலையைப் போன்ற ஒன்றே எஞ்சும்.

இதனை எண்ணாகச் சொல்ல எளிய விதி ஒன்று உண்டு. அலை தன் உயரத்தில் 10 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காட்டுக்கு ஏற எடுத்துக்கொள்ளும் காலம் ஏறுநேரம் எனப்படும், 0.35ஐப் பட்டையகலத்தால் வகுத்தால் கருவியின் சொந்த ஏறுநேரம் கிடைக்கும். 50 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு அது 7 நானோநொடி. உண்மையில் 5 நானோநொடியில் ஏறும் ஓர் அலையை அதில் அளந்தால், இரு நேரங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண்பதற்கிணங்க, திரையில் ஏறத்தாழ 8.6 நானோநொடி என்று தெரியும். 100 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அதே அலை 6.1 நானோநொடியாகத் தெரியும். 16 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஆர்டுயினோ பலகை, ஆடியோ பெருக்கி, சில நூறு கிலோஹெர்ட்ஸில் இயங்கும் எஸ்எம்பிஎஸ் மின்வழங்கி ஆகியவற்றோடு வேலை செய்பவருக்கு 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கருவி போதுமானது.

அடுத்து நோக்க வேண்டியது மாதிரி எடுக்கும் வேகம், அதாவது டிஜிட்டல் கருவி ஒரு நொடியில் அலையை எத்தனை முறை அளந்து எண்ணாக்குகிறது என்பது. 2014இல் வெளிவந்து ஆர்வலரிடையே பெரும் வரவேற்பைப் பெற்ற ரிகோல் டிஎஸ்1054இசட் என்னும் நான்கு சேனல் கருவி, நொடிக்கு 100 கோடி மாதிரிகள் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அந்த வேகம் ஒரு சேனல் மட்டும் இயங்கும்போது கிடைப்பது, நான்கும் இயங்கும்போது ஒவ்வொன்றுக்கும் 25 கோடியே கிடைக்கும். அதன் 1.2 கோடிப் புள்ளி நினைவகத்தில் முழு வேகத்தில் 12 மில்லிநொடிப் பதிவே அடங்கும் என்பதால், அதைவிட நீண்ட காலத்தைத் திரைக்குக் கொண்டுவந்தால் கருவி மாதிரி வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். அப்போது வேகமான அலை, இல்லாத மெதுவான அலையாக உருமாறித் தோன்றும். ஏலியாசிங் எனப்படும் இந்தப் பொய்த்தோற்றத்தைப் பழுதென எண்ணி மணிக்கணக்கில் தேடுவோர் உண்டு. காலஅளவுக் குமிழை இருபுறமும் திருப்பும்போது அலையின் அதிர்வெண் மாறுவதாகத் தோன்றினால், அது ஏலியாசிங்தான் என்று கொள்ளலாம். நுட்பம் என்பது மூன்றாவது எண்: 8 பிட் கருவி திரையின் உயரத்தை 256 படிகளாகப் பகுப்பதால், முழுத்திரை 8 வோல்ட் என்று வைத்திருக்கும்போது 31 மில்லிவோல்ட்டுக்குக் குறைந்த வேறுபாட்டை அதனால் காட்ட இயலாது, 2023இல் வந்த ரிகோல் டிஎச்ஓ800 வரிசை போன்ற 12 பிட் கருவிகள் 4096 படிகளைத் தந்து அதனை 2 மில்லிவோல்ட் அளவுக்கு இறக்கியுள்ளன.

இவற்றினும் விலை குறைந்தவையும் உண்டு. பாகங்களாக வாங்கிச் சால்டரிங் செய்து இணைக்கும் டிஎஸ்ஓ138 கிட், நொடிக்கு 10 லட்சம் மாதிரிகளும் 200 கிலோஹெர்ட்ஸ் பட்டையகலமும் கொண்டது. ஆடியோவுக்கும் மெதுவான சென்சார் அலைகளுக்கும் அப்பால் அதனை நம்ப இயலாது என்றாலும், கருவியின் உள்ளமைப்பைக் கைவழியாகக் கற்பிப்பதில் அதற்கு இணை குறைவு. புது தில்லியிலுள்ள இன்டர்-யுனிவர்சிட்டி ஆக்ஸிலரேட்டர் சென்டர், ஃபீனிக்ஸ் திட்டத்தின் வழியே பள்ளி, கல்லூரிகளுக்காக உருவாக்கிய எக்ஸ்ப்ஐஸ் என்னும் கணினிவழிக் கருவியும் இத்தகைய கற்றல் தேவைக்கு உரியது.

திருத்தும் பழக்கத்துக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ரிகோல் டிஎஸ்1052இ. 50 மெகாஹெர்ட்ஸ் என்று விற்கப்பட்ட அதுவும், கூடுதல் விலைக்கு 100 மெகாஹெர்ட்ஸ் என்று விற்கப்பட்ட டிஎஸ்1102இ மாதிரியும் உள்ளே ஒரே வன்பொருளைக் கொண்டிருந்தன. மாதிரிப் பெயரை மென்பொருள் கட்டளையால் மாற்றினால் உயர்ந்த பட்டையகலம் திறந்துகொள்ளும் என்பது, 2010இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் டேவ் ஜோன்ஸின் காணொளி வழியாகப் பரவலாகத் தெரியவந்தது. டிஎஸ்1054இசட் கருவியும் மென்பொருள் வழியாகவே 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றப்பட்டது. ஆனால் நான்கு சேனல்களும் இயங்கும்போது நொடிக்கு 25 கோடி மாதிரிகளே கிடைக்கும் அக்கருவியில், 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்கு இரண்டரை மாதிரிகளே விழுகின்றன. ஆகவே மாற்றம் கொண்டுவரும் பலன் ஓரிரு சேனல்களில் மட்டுமே முழுமையாகத் தெரியும். உத்தரவாதம் போய்விடும் என்பதையும், மாற்றும்போது இடையில் மின்சாரம் நின்றால் கருவி எழும்பாமலே போகக்கூடும் என்பதையும் சேர்த்து எண்ணினால், தேவையான பட்டையகலத்தைத் தொடக்கத்திலேயே வாங்குவது அறிவுடைமை. திறந்துகிடைப்பதைக் கூடுதல் வரவாகவே கொள்ள வேண்டும்.

பழுது என்று தோன்றுபவற்றில் பல, கருவிக்கு வெளியே, அதனைச் சர்க்யூட்டோடு இணைக்கும் புரோபில் இருப்பவை. பத்தில் ஒரு பங்காகக் குறைத்து அளக்கும் 10எக்ஸ் புரோபின் முனையில் 90 லட்சம் ஓம் மின்தடை உள்ளது. கருவியின் 10 லட்சம் ஓமுடன் சேர்ந்து அது அழுத்தத்தைப் பங்கிடுகிறது. இந்தப் பங்கீடு எல்லா அதிர்வெண்களிலும் ஒன்றாக இருக்க, மின்தேக்கிகளின் விகிதமும் பொருந்த வேண்டும். ஈடுசெய்தல் எனப்படும் இந்தப் பொருத்தத்துக்காகவே புரோபில் ஒரு சிறு திருகும், கருவியின் முகப்பில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தரும் முனையும் அமைக்கப்பட்டுள்ளன. புரோபை அம்முனையில் மாட்டிப் பார்க்கும்போது சதுரத்தின் முன்மூலை கொம்புபோல் மேலெழுந்தால் ஈடு மிகை, வழுக்கி வளைந்தால் ஈடு குறை. பிளாஸ்டிக் திருப்புளியால் திருகை மெல்லத் திருப்பி, மேற்புறம் தட்டையாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். புரோபிலுள்ள 1எக்ஸ், 10எக்ஸ் சுவிட்சும் கருவியின் மெனுவும் ஒத்திராவிட்டால் எல்லா மின்னழுத்த அளவும் பத்து மடங்கு பிழையாகும். 1எக்ஸ் நிலையில் சாதாரணப் புரோபின் பட்டையகலம் சில மெகாஹெர்ட்ஸாகச் சுருங்கிவிடுவதால், 100 மெகாஹெர்ட்ஸ் கருவி வாங்கியும் அதன் பயன் கிடைக்காது.

திரையில் கோடே தெரியாதபோது, சேனல் இயங்குகிறதா, செங்குத்து இடமாற்றம் கோட்டைத் திரைக்கு வெளியே தள்ளியிருக்கிறதா, டிரிகர் நார்மல் நிலையில் இருந்து அலைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். அலையைத் திரையில் வரையத் தொடங்கும் தருணத்தைத் தீர்மானிப்பது டிரிகர் என்பதால், அதனை ஆட்டோவுக்கு மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். கூரிய விளிம்பில் தொடர்ந்து நடுக்கம் தெரிந்தால், புரோபின் நீண்ட தரைக்கம்பியின் மின்தூண்டலே பெரும்பாலும் காரணம். அதைக் கழற்றி முனைக்கு அருகிலேயே தரையைத் தொடும் குறுகிய சுருள்கம்பியை மாட்டினால் நடுக்கம் சர்க்யூட்டுடையதா, புரோபுடையதா என்று விளங்கும். பழைய சி.ஆர்.ஓ.வை வாங்குவோர், உலர்ந்த எலக்ட்ரோலிடிக் மின்தேக்கிகளையும் அழுக்கேறிய சுவிட்சுகளையும் எதிர்பார்க்க வேண்டும். அதன் கதிர்க்குழாய்ப் பகுதியில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும் என்பதால், பயிற்சியில்லாதவர் மூடியைத் திறப்பது உயிருக்கு ஆபத்து.

மின்செருகியில் இயங்கும் பெரும்பாலான மேசைக் கருவிகளில் புரோபின் தரைக் கவ்வி, வீட்டு எர்த்துடன் நேரே இணைந்துள்ளது. எஸ்எம்பிஎஸ் ஒன்றின் முதன்மைப் பக்கத்தில் அக்கவ்வியை மாட்டினால், நேரடிக் குறுக்குச்சுற்று ஏற்பட்டு புரோபும் சர்க்யூட்டும் கருகும். கருவியின் எர்த் ஊசியை முறித்துவிடுவது இதற்குத் தீர்வாகாது. கருவியின் உலோக உடலே மின்னேறி நிற்க அது வழிசெய்யும். சோதிக்கப்படும் பொருளை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியே இயக்குவதும், டிஃபரன்ஷியல் புரோபைப் பயன்படுத்துவதுமே முறையான வழிகள். யுஎஸ்பி வழியே மடிக்கணினியோடு இணையும் சிறு கருவிகளில் தவறான கவ்வி கணினியையும் சேர்த்து அழிக்கும்.

ஆர்வலர் வழக்கில் பட்டையகலத்தை உயர்த்தும் தந்திரங்கள் புகழப்படும் அளவுக்கு, புரோபை ஈடுசெய்வதும் மாதிரி வேகத்தைக் கவனிப்பதும் பேசப்படுவதில்லை. ஆனால் திரையில் தெரியும் அலை உண்மையா என்பதைத் தீர்மானிப்பவை இவைதான். தன் எல்லை அறியப்பட்ட 50 மெகாஹெர்ட்ஸ் கருவி, எல்லை அறியாமல் மாற்றப்பட்ட 100 மெகாஹெர்ட்ஸ் கருவியைவிட நம்பத்தக்கது. முதல் கருவியை வாங்க எண்ணுவோர் அறிமுகமான நிறுவனத்தின் கருவியைத் தேர்ந்து, விளம்பர எண்கள் எத்தனை சேனல்களுக்கு உரியவை என்று கேட்டறிந்து, தரமான புரோபுக்கும் பணம் ஒதுக்கி, வீட்டின் எர்த் இணைப்பைச் சரிபார்த்த பின்னரே முதல் அளவீட்டைத் தொடங்க வேண்டும்.